எருமை இறைச்சி ஏற்றுமதி: புதிய நாட்டுச் சந்தையைத் திறப்பதற்கான முழுமையான வழிகாட்டி

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் வாங்குபவரைத்தான் தேடுகிறார்கள். ஏதோ ஒரு உணவுக் கண்காட்சிக்குப் போய் விசிட்டிங் கார்டுகளோடு திரும்புகிறார்கள். விலை பேசி முடித்து, சிலர் முன்பணமும் வாங்கிவிடுகிறார்கள். அந்த நாடு இந்திய இறைச்சியை உள்ளே விடுவதே இல்லை என்பதோ, விட்டாலும் தங்கள் ஆலை அதன் பட்டியலில் இல்லை என்பதோ அதற்குப் பிறகுதான் தெரியவருகிறது.

இறைச்சி வணிகத்தில் இரு நாட்டுக் கால்நடைத் துறைகளும் ஒப்புக்கொண்ட சுகாதாரச் சான்றிதழ் இருந்தால்தான் சந்தை இருக்கிறது. அது இல்லாத இடத்தில் எவ்வளவு நல்ல வாங்குபவர் கிடைத்தாலும் பயனில்லை. ஆகவே வரிசை இதுதான்: முதலில் நாடு, அடுத்து ஆலை, பிறகு சான்றிதழின் வாசகம், கடைசியில் சரக்கு. வாங்குபவரோடு பேச்சைத் தொடங்கும் இடம் ஆலைக்கும் சான்றிதழுக்கும் நடுவே வருகிறது. கீழுள்ள படிகளும் அதே வரிசையில் இருக்கின்றன.

1. சட்டம் எதை அனுமதிக்கிறது என்பதை முதலில் எழுதி வையுங்கள்

இந்தியாவிலிருந்து பசு, காளை, கன்று ஆகியவற்றின் இறைச்சியை ஏற்றுமதி செய்யத் தடை இருக்கிறது. எருமையிலும் எலும்போடு கூடிய இறைச்சி போக முடியாது. எலும்பு நீக்கிய எருமை இறைச்சிக்கு மட்டும் நிபந்தனைகளோடு அனுமதி உண்டு. உறைய வைத்த சரக்கானால் அதன் சுங்கக் குறியீடு 0202 30 00.

நிபந்தனைகளில் இரண்டை மனப்பாடமாக வைத்திருங்கள். அறுக்கப்பட்ட எருமைகள் கறவைக்கோ இனப்பெருக்கத்துக்கோ பயன்படாதவை என்று மாநில அரசின் கால்நடை அதிகாரி சான்று தர வேண்டும். வேளாண், பதப்படுத்திய உணவுப் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையமான அபெடாவில் பதிவு பெற்ற ஒருங்கிணைந்த இறைச்சிக்கூடத்திலிருந்தோ, அத்தகைய கூடத்தில் மட்டுமே மூலப்பொருள் வாங்கும் பதிவுபெற்ற ஆலையிலிருந்தோதான் சரக்கு புறப்பட வேண்டும். ஊர் இறைச்சிக்கூடத்தில் அறுத்து வாடகைக் குளிர்பதனக் கிடங்கில் உறைய வைத்து அனுப்பலாம் என்ற கனவு இங்கேயே முடிந்துவிடும்.

இந்தப் படியில் அதிகம் நடக்கும் தவறு சொல்லில் வருகிறது. வெளிநாட்டு வாங்குபவர் ஆர்டரில் ‘ஃபுரோசன் பீஃப்’ என்று எழுதுவார். நம் அலுவலகப் பையன் அதை அப்படியே இன்வாய்ஸில் நகலெடுத்துவிடுவான். துறைமுகத்தில் சுங்கத் துறை சரக்கை நிறுத்தி, மாதிரி எடுத்து, எந்த விலங்கு என்று மரபணுச் சோதனைக்கு அனுப்பும். முடிவு நமக்குச் சாதகமாகவே வந்தாலும் அதுவரை கன்டெய்னருக்கான மின்சாரமும் தாமதக் கட்டணமும் நம் தலையில்தான் விழும். ஆர்டர் முதல் கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங் வரை எல்லாத் தாளிலும் ‘போன்லெஸ் பஃபலோ மீட்’ என்றே இருக்கட்டும்.

2. கையில் இருக்க வேண்டிய பதிவுகள்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். அயல்நாட்டு வணிக தலைமை இயக்குநரகத்தின் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண், அபெடாவின் உறுப்பினர் பதிவு, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.-யின் உரிமம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு, உள்ளாட்சி அனுமதி ஆகியவை வேண்டும். சொந்த ஆலை வைத்திருப்பவருக்கு இவற்றோடு அபெடாவின் ஆலைப் பதிவும் தேவை. அதிகாரிகள் குழு நேரில் பார்த்த பிறகுதான் அது கிடைக்கும்.

சொந்த ஆலை இல்லாத வணிகர் பதிவுபெற்ற ஆலையிலிருந்து வாங்கி ஏற்றுமதி செய்யலாம். தொடக்கத்தில் அதைத்தான் நான் பரிந்துரைப்பேன். ஆனால் அந்த ஆலையின் பதிவு எந்தத் தேதி வரை செல்லும், எந்தெந்த நாடுகளுக்கு அதற்கு அனுமதி இருக்கிறது என்பதற்கு எழுத்துமூலமான ஆதாரம் கேளுங்கள். வாய்மொழியாகச் சொல்லப்படும் நாடுகளின் எண்ணிக்கை எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

3. நாடுகளை மூன்றாகப் பிரியுங்கள்

ஒரு தாளில் மூன்று பத்திகள் போடுங்கள்.

முதல் பத்தியில், நம் அரசின் பொதுச் சான்றிதழையும் அபெடா பதிவையும் ஏற்றுக்கொள்கிற நாடுகள் வரும். இரண்டாவதில், ஆலைகளை ஒவ்வொன்றாகத் தணிக்கை செய்து பட்டியலிடும் நாடுகள். மலேசியா இதற்கு நல்ல உதாரணம்: அந்நாட்டுக் கால்நடைச் சேவைத் துறையும் இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிமும் சேர்ந்து ஆலையைப் பார்க்கும். இந்தோனேசியாவும் இந்த வரிசையில்தான். மூன்றாவதில், கால்நடைகளின் வாயையும் குளம்பையும் தாக்கும் தொற்றுநோயான கோமாரி இருக்கும் நாட்டிலிருந்து உறைந்த இறைச்சியை ஏற்காத நாடுகள். ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவை அங்கே போகும்.

நாடு திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. யார் இறக்குமதி செய்யலாம், எதற்காகச் செய்யலாம் என்பதையும் பாருங்கள். பிலிப்பைன்ஸில் இந்திய எருமை இறைச்சிக்கான தேவை பதப்படுத்தும் ஆலைகளிடம், குறிப்பாக உப்பிட்டுப் பதப்படுத்தும் கார்ன்ட் பீஃப் தயாரிப்பவர்களிடம் இருக்கிறது. அங்கே கறிக்கடைக்காரரோடு பேசிக்கொண்டிருப்பது நேர விரயம். இந்தோனேசியாவில் 2016-இல் கதவு திறந்தபோது இறக்குமதி அரசு நிறுவனமான புலோக் வழியாக வந்தது. அத்தகைய இடத்தில் நம் விற்பனைத் திறமையைவிட அந்த அரசின் ஒதுக்கீட்டு அட்டவணைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

முதல் ஆண்டில் முதல் பத்தியில் விற்பனை செய்யுங்கள். அதே ஆண்டில் இரண்டாம் பத்தியின் ஒரு நாட்டுக்குத் தணிக்கை விண்ணப்பம் போடுங்கள். மூன்றாம் பத்தியில் தனி நிறுவனம் பணத்தைக் கொட்டக் கூடாது, அது அரசின் வேலை. ஆனால் அந்த வேலை எப்படி நகர்கிறது என்று தெரியாமல் திட்டமும் போட முடியாது.

4. மூடிய கதவை யார் தட்டுவது, எந்த வரிசையில்?

ஓர் ஏற்றுமதியாளர் அயல்நாட்டுக் கால்நடைத் துறைக்கு நேரடியாகக் கடிதம் எழுதினால் பதில் வராது. அவர்கள் பேசுவது நம் மத்திய அரசின் கால்நடை பராமரிப்புத் துறையோடு மட்டும்தான். ஆகவே கோரிக்கை ஏற்றுமதியாளர் சங்கத்திலிருந்து அபெடாவுக்கும், அங்கிருந்து வணிக அமைச்சகத்துக்கும் கால்நடைத் துறைக்கும், பிறகு தூதரகத்தின் வணிகப் பிரிவு வழியாக அந்த நாட்டுக்கும் போக வேண்டும்.

அதன்பின் நடப்பவை இந்த வரிசையில் வரும்: அவர்கள் ஒரு நீண்ட கேள்விப் பட்டியல் அனுப்புவார்கள். நோய் நிலவரம், தடுப்பூசி, ஆய்வகங்கள், சட்டங்கள், மருந்து எச்சக் கண்காணிப்பு என்று எல்லாம் அதில் இருக்கும். நம் பதிலை வைத்து இடர் மதிப்பீடு செய்வார்கள். பிறகு ஒரு குழு வந்து நம் அமைப்பைப் பார்க்கும். அதன் பிறகே சான்றிதழ் வாசகம் பேசப்படும். ஆலைப் பட்டியல் கடைசியில் வரும்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆண்டுக்கணக்கில் ஆகலாம். முதலிலேயே கையெழுத்து வந்துவிட்டதால் எல்லாம் முடிந்ததென்று கொள்ளவும் முடியாது. எருமை இறைச்சி குறித்து இந்தியாவும் சீனாவும் 2013 மே மாதம் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தன. அந்தச் செய்தியை நம்பி ஆலையை விரிவாக்கியவர்களுக்கு நேரடிச் சரக்கு வழி திறக்கவில்லை. கோமாரி குறித்த கேள்வி அப்படியே நின்றது.

உலக வணிக அமைப்பின் சுகாதார ஒப்பந்தம் 1995 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 6-ஆம் பிரிவுதான் இங்கே நம் ஆயுதம்: ஒரு நாடு முழுவதும் நோயற்றதாக இல்லாவிட்டாலும், நோயற்ற பகுதியைத் தனியாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்கிறது. ஆனால் ஆயுதத்துக்கு இரு முனை. பறவைக் காய்ச்சலைக் காட்டி அமெரிக்கக் கோழிப் பொருள்களை நாடு முழுமைக்குமாக இந்தியா தடுத்தபோது, இதே பிரிவின் கீழ் அமெரிக்கா வழக்குப் போட்டது. 2015-இல் தீர்ப்பு நமக்கு எதிராக வந்தது. பிறரிடம் பகுதிவாரியாகப் பாருங்கள் என்று கேட்கும் நாடு, தானும் அப்படிப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்த வழியில் பொறுமையாக நடந்த நாடு பிரேசில். சாண்டா கத்தரீனா என்ற ஒரே மாநிலம் 2007-இல் தடுப்பூசி போடாமலேயே கோமாரியற்ற பகுதியாக அங்கீகாரம் பெற்றது. பிறகு மாநிலம் மாநிலமாகச் சேர்ந்து, 2025 மே மாதம் நாடு முழுவதும் அந்த நிலையை எட்டியது. இந்தியாவில் 2019 செப்டம்பரில் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் மாடுகளுக்கும் எருமைகளுக்கும் ஆண்டுக்கு இருமுறை கோமாரித் தடுப்பூசி போடுகிறது. நோயற்ற பகுதிகளை உருவாக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒன்பது மாநிலங்களில் தமிழ்நாடும் உண்டு. மூன்றாம் பத்தி நாடுகளின் கதவு திறக்குமானால் அந்தப் பகுதிகளின் வழியாகத்தான் திறக்கும். ஆலைக்கு இடம் தேடுகிறவர்கள் நிலத்தின் விலையைப் பார்ப்பதற்கு முன் அந்த வரைபடத்தைப் பார்க்க வேண்டும்.

5. கோமாரி வாசகத்தை ஆலைத் தளத்தில் நிறைவேற்றுங்கள்

வழிகாட்டியின் கனமான பகுதி இதுதான். நிதானமாகப் படியுங்கள்.

கோமாரி உள்ள நாட்டிலிருந்து இறைச்சியைப் பாதுகாப்பாக வாங்க முடியும் என்பதற்குப் பின்னால் ஓர் எளிய வேதியியல் இருக்கிறது. உயிருள்ள தசையின் அமில கார அளவு, அதாவது பி.எச்., 7-ஐ ஒட்டி இருக்கும். அறுத்த பிறகு தசையில் தேங்கியிருக்கும் கிளைக்கோஜன் லாக்டிக் அமிலமாக மாறி, அந்த அளவு 6-க்குக் கீழே இறங்கும். அந்த அமிலத்தில் கோமாரி வைரஸ் தாக்குப்பிடிக்காது. ஆனால் எலும்பு மச்சையிலும் நிணநீர்க் கணுக்களிலும் உறைந்த ரத்தக் கட்டிகளிலும் இந்த மாற்றம் நடப்பதில்லை. வைரஸ் அங்கே பிழைத்திருக்கும்.

இதிலிருந்துதான் உலக விலங்குச் சுகாதார அமைப்பின் விதி வருகிறது. உடல் இறைச்சியை 2 டிகிரி செல்சியஸுக்கு மேல் குறைந்தது 24 மணி நேரம் வைத்திருக்க வேண்டும். இரண்டு பக்க முதுகுத் தசையின் நடுவிலும் பி.எச். 6-க்குக் கீழே இருப்பதை அளந்து உறுதி செய்ய வேண்டும். எலும்பையும் முக்கிய நிணநீர்க் கணுக்களையும் நீக்க வேண்டும். அறுப்பதற்கு முன்னும் பின்னும் மருத்துவர் பரிசோதிக்க வேண்டும்.

காரணம் தெரியாமல் வேலை செய்கிற ஆலையில் நடக்கும் தவறுகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்.

முதல் தவறு, அதிகக் குளிர். குளிர்ந்தால் நல்லதுதானே என்று அறையை 0 டிகிரிக்குத் தள்ளுவார்கள். விதி கேட்பது 2-க்கு மேல். தணிக்கைக்காரர் வெப்பநிலைப் பதிவை விரித்து ஓர் இரவு 1.4 என்று இருப்பதைக் கண்டால், அந்த அறையில் அன்றிருந்த அத்தனையும் தகுதி இழக்கும். அறையை 2-க்கும் 4-க்கும் இடையே பிடித்து வைப்பது நிர்வாகியின் வேலை. கருவி தானாகப் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டுத் தூங்கப் போகக் கூடாது.

இரண்டாவது, களைத்த எருமை. நீண்ட தூரம் லாரியில் வந்து, தண்ணீரும் ஓய்வும் இன்றி உடனே அறுக்கப்பட்ட விலங்கின் தசையில் கிளைக்கோஜன் ஏற்கெனவே தீர்ந்து போயிருக்கும். அமிலமாக மாற எதுவும் மிச்சமில்லாததால் பி.எச். 6.2, 6.3 என்று நின்றுவிடும். இறைச்சி கருஞ்சிவப்பாக, தொட்டால் ஒட்டும் தன்மையோடு இருக்கும். அதை ஏற்றுமதி வரிசையிலிருந்து எடுத்தே ஆக வேண்டும். ஓய்வுக் கொட்டிலில் நிழலும் தொட்டித் தண்ணீரும் கொடுப்பது இரக்கத்தால் மட்டும் செய்கிற காரியம் என்று நினைக்கிறவர், நிராகரிக்கப்பட்ட உடல்களை ஒரு மாதம் எண்ணிப் பார்க்கட்டும்.

மூன்றாவது, அளவி. பி.எச். அளவியைக் காலையில் பி.எச். 4, 7 என்று அளவு தெரிந்த இரண்டு தாங்கல் (பஃபர்) கரைசல்களிலும் வைத்துச் சரிபார்த்த பிறகே தளத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கண்ணாடி முனையில் கொழுப்புப் படிந்தால் எண் பொய் சொல்லும். ஒவ்வோர் உடலுக்கும் துடையுங்கள். இன்னொன்று: எல்லா உடலுக்கும் 5.7, 5.7, 5.7 என்று எழுதிய பதிவேட்டை எந்தத் தணிக்கைக்காரரும் நம்ப மாட்டார். உண்மையான பதிவேட்டில் 5.5-உம் இருக்கும், 5.9-உம் இருக்கும், நிராகரித்த 6.1-உம் இருக்கும். நிராகரிப்பே இல்லாத பதிவேடுதான் சந்தேகத்தைக் கிளப்பும்.

நான்காவது, மறைந்திருக்கும் கணு. தோளுக்கு முன்னுள்ளதும் தொடைக்கு முன்னுள்ளதும் எளிதில் கைக்குக் கிடைத்துவிடும். முழங்கால் மடிப்புக்குப் பின்னே, சில்வர்சைடு எனும் பின்தொடை இறைச்சிக்குள் கொழுப்பில் புதைந்திருக்கும் கணுவைத்தான் புதிய கசாப்பாளர்கள் தவற விடுகிறார்கள். துண்டை முழுதாக விற்க வேண்டும் என்ற ஆசையில் பிரித்துப் பார்க்காமல் விடுவதால் வரும் வினை. எலும்பு நீக்கும் மேசைக்கு அருகே கணுக்களுக்கென்று ஒரு தட்டு வையுங்கள். நூறு உடல் போனால் எத்தனை கணு விழ வேண்டும் என்று கணக்கிட்டு, மாலையில் எண்ணுங்கள். நான் பார்த்த முறைகளில் இதைவிட மலிவானதும் பயனுள்ளதும் வேறில்லை.

ஐந்தாவது ஆலைக்கு வெளியே நடக்கிறது. விலங்கு எங்கிருந்து வந்தது, தடுப்பூசி போடப்பட்டதா, வந்த இடத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் 30 நாள்களாகக் கோமாரி இல்லையா என்ற கேள்விகளுக்கு ஆலையில் பதில் இருக்க வேண்டும். வாரச் சந்தையில் தரகர் கைமாற்றிக் கொண்டுவரும் எருமைக்கு அந்தப் பதில் கிடையாது. 12 இலக்க காதுப்பட்டை உள்ள விலங்குகளுக்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுத்து, குறிப்பிட்ட கிராமங்களிலிருந்து நேரடியாக எடுக்கும் வழக்கத்தை ஏற்படுத்துங்கள். செலவு கூடும். ஆனால் இரண்டாம் பத்தி நாடுகளுக்கு வேறு வழியில்லை.

6. ஒவ்வொரு நாட்டின் தனிக் கவலையைக் கண்டுபிடியுங்கள்

பொதுவிதி முடிந்த பிறகு ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பிரத்தியேகக் கவலை இருக்கும். எகிப்துக்கு அது சார்கோசிஸ்டிஸ். எருமையின் உணவுக்குழாயிலும் தசையிலும் அரிசி மணி போலத் தெரியும் ஒட்டுண்ணிக் கட்டிகள் அவை. கண்ணுக்குத் தெரிவதால் அங்குள்ள ஆய்வாளர் சரக்கை நிறுத்த நுண்ணோக்கி தேவையில்லை. வயதான எருமைகளில் இது அதிகம். இந்த ஒட்டுண்ணியின் சுழற்சி பூனை, நாய் வழியாக நடப்பதால், ஆலை வளாகத்தில் கழிவைத் தின்னும் பூனையும் நம் ஏற்றுமதியோடு சம்பந்தப்பட்டதுதான். உணவுக்குழாயை அறுத்துப் பார்க்கும் ஒருவரை வரிசையில் நிறுத்துங்கள். கட்டி தெரிந்த உடல் எகிப்துக்கான பெட்டிகளில் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேறு நாடுகளுக்கு ஆன்டிபயாடிக் எச்சமோ சால்மோனெல்லாவோ முதன்மையாக இருக்கும். விதி மாறப்போவதை முன்கூட்டியே அறிய, உலக வணிக அமைப்பின் இ-பிங் இணையத்தளத்தில் 0202 என்ற குறியீட்டுக்கு எச்சரிக்கை மின்னஞ்சல் பதிவு செய்துகொள்ளுங்கள். கட்டணம் இல்லை. புதிய விதியின் வரைவு வந்தால் கருத்துச் சொல்ல வழக்கமாக 60 நாள் அவகாசம் இருக்கும். அதைப் பயன்படுத்துகிறவர்கள் நம்மில் மிகக் குறைவு.

7. வெளிநாட்டுத் தணிக்கைக்குத் தயாராகும் முறை

தணிக்கைக்கு முந்தைய வாரம் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும் ஆலைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். வருகிறவர் சுவரைப் பார்ப்பதைவிடத் தாளை அதிகம் பார்ப்பார்.

அவர் செய்யக்கூடியது இது: உறை கிடங்கில் ஏதாவது ஒரு பெட்டியைக் காட்டி, ‘இது எந்த நாளில் உற்பத்தியானது, அன்றைய பி.எச். பதிவேடு எங்கே, அந்த எருமைகளுக்கு அறுக்கும் முன் பரிசோதனை செய்த மருத்துவரின் கையெழுத்து எங்கே, அவை எந்த ஊரிலிருந்து வந்தன?’ என்று பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போவார். இதை நீங்களே மாதம் ஒருமுறை ஒத்திகை பாருங்கள். ஒரு பெட்டியை எடுத்து, கிராமம் வரை போய்ச் சேர எத்தனை மணி நேரம் ஆகிறது என்று குறியுங்கள். அரை நாளுக்குமேல் ஆனால் நீங்கள் தயாராகவில்லை.

மேலாளரை விட்டுவிட்டுக் கத்தி பிடித்திருப்பவரிடமும் கேள்வி வரும். ‘கத்தியை எப்போது 82 டிகிரித் தண்ணீரில் முக்குவீர்கள்?’ என்று கேட்டால் அவர் தம் சொந்த வார்த்தையில் பதில் சொல்ல வேண்டும். மனப்பாடம் செய்து ஒப்பிப்பது உடனே தெரிந்துவிடும்.

குறை சுட்டப்பட்டால் வாதாடாதீர்கள். என்ன திருத்தம், எந்தத் தேதிக்குள், யார் பொறுப்பு என்று எழுதி, படத்தோடு அனுப்புங்கள். குறைகளுக்கான பதில் தாமதமானதால் பட்டியலில் இடம் இழந்த ஆலைகள், குறைகளாலேயே இழந்தவற்றைவிட அதிகம் என்பது என் கணிப்பு.

8. ஹலால்: இரண்டு பக்கமும் பாருங்கள்

இந்தியப் பக்கத்தில் விதி மாறியிருக்கிறது. 2024 அக்டோபர் 16 முதல், இந்தோனேசியா, மலேசியா, சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர் உள்ளிட்ட 15 நாடுகளுக்கு ஹலால் என்று அனுப்பும் இறைச்சிக்கு, இந்தியத் தரக் குழுமத்தின் ஐ-காஸ் ஹலால் திட்டத்தின்கீழ் அங்கீகாரம் பெற்ற அமைப்பின் சான்று வேண்டும்.

அந்த அமைப்பின் பெயர் வாங்கும் நாட்டின் பட்டியலிலும் இருக்கிறதா என்று தனியாகச் சரிபாருங்கள். மலேசியாவில் ஜாக்கிமும் இந்தோனேசியாவில் அரசின் ஹலால் முகமையான பி.பி.ஜே.பி.எச். அமைப்பும் தாங்கள் ஏற்கும் வெளிநாட்டுச் சான்றளிப்போரின் பட்டியலை வைத்திருக்கின்றன. இங்கே செல்லும் சான்று அங்கே செல்லாமல் போவது அடிக்கடி நடக்கிறது. மயக்கமூட்டி அறுப்பதை ஏற்கிறார்களா என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். ஆகவே இரு நாடுகளுக்கு ஒரே நாளில் உற்பத்தி செய்யும் முன், கடுமையான விதியுள்ள நாட்டை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

9. சான்றிதழும் தேதிகளும்

புதியவர்கள் அதிகப் பணம் இழக்கும் இடம் இது. ஆலைக்கு அனுமதி வரப்போகிறது என்று நம்பி முன்கூட்டியே உற்பத்தி செய்து கிடங்கை நிரப்பி வைப்பார்கள். பட்டியலில் பெயர் ஏறிய தேதிக்கு முன் அறுக்கப்பட்ட இறைச்சி அந்த நாட்டுக்குத் தகுதியற்றது. பெட்டியில் அச்சிட்ட தேதியே காட்டிக்கொடுக்கும். அனுமதிக் கடிதம் கையில் வந்த மறுநாளிலிருந்து உற்பத்தி செய்வதை மட்டும் அந்த நாட்டுக்கு ஒதுக்குங்கள்.

சுகாதாரச் சான்றிதழைக் கையெழுத்துக்கு அனுப்பும் முன் ஐந்து விஷயங்களை இருவர் தனித்தனியாகப் படித்துப் பார்க்க வேண்டும்: ஆலை எண், பெட்டிகளின் எண்ணிக்கை, அறுத்த தேதிகளின் தொடக்கமும் முடிவும், கன்டெய்னர் எண்ணும் முத்திரை எண்ணும், இறக்குமதியாளரின் பெயர். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் அங்கே திருத்த முடியாது. புதிய சான்றிதழ் போய்ச் சேரும்வரை சரக்கு துறைமுகத்தில் நிற்கும். கப்பல் புறப்பட்ட பிறகு தேதியிட்ட சான்றிதழைப் பல நாடுகள் ஏற்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

10. எந்தத் துண்டை எந்த நாட்டுக்கு

40 அடிக் குளிர்சாதனக் கன்டெய்னர் ஒன்றில் 20 கிலோ பெட்டிகள் 1,400 போகும். மொத்தம் 28 டன். ஓர் எருமையின் எல்லாத் துண்டுகளையும் ஒரே வாங்குபவர் கேட்பதில்லை. இதுதான் திட்டமிடலின் முடிச்சு.

பதப்படுத்தும் ஆலைகள் முன்கால் பகுதியையும் சீவல்களையும் கொழுப்பு விகிதம் பார்த்து வாங்கும். உணவகச் சந்தை டாப்சைடு, ரம்ப், டெண்டர்லாயின் கேட்கும். பின்கால் பகுதிக்கு நல்ல விலை கிடைத்த மகிழ்ச்சியில் முன்கால் பகுதி கிடங்கில் சேர்ந்துகொண்டே போனால், அந்தக் கிடங்கின் மின்கட்டணம் லாபத்தைத் தின்றுவிடும். ஆகவே புதிய நாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது ‘எங்கே அதிகம் விற்கும்?’ என்று கேட்காமல், ‘என்னிடம் தேங்கும் துண்டை யார் வாங்குவார்?’ என்று கேளுங்கள்.

பணத்தைப் பற்றி இரண்டே வரி. முன்பணம் பெற்று, மீதியை ஆவண நகலைக் காட்டி வாங்கும் முறையில், முன்பணம் சரக்கைத் திருப்பி எடுத்து வேறு துறைமுகத்துக்கு மாற்றும் செலவையாவது ஈடுகட்ட வேண்டும். கடனுக்கு விற்பதானால், அரசின் ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனமான ஈ.சி.ஜி.சி.-யின் காப்பீடு எடுக்காமல் விற்காதீர்கள்.

11. ஒரே வாசலை நம்பாத ஐந்தாண்டுத் திட்டம்

2014-15-இல் இந்தியா சுமார் 14.76 லட்சம் டன் எருமை இறைச்சியை ஏறத்தாழ 478 கோடி டாலருக்கு ஏற்றுமதி செய்தது. 2022-23-இல் அது சுமார் 11.75 லட்சம் டன், ஏறத்தாழ 319 கோடி டாலர். டன்னுக்கு 3,200 டாலருக்கு மேல் இருந்தது 2,700-ஐ ஒட்டி இறங்கியது. அளவும் போனது, விலையும் போனது.

பெரிய காரணங்களில் ஒன்று வியட்நாம். நம் சரக்கின் மிகப் பெரிய பங்கு அங்கே இறங்கி, அதில் பெரும்பகுதி எல்லை தாண்டிச் சீனாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. சீனா அந்த எல்லை வழியை இறுக்கியபோது, நம் ஆலைகளுக்கு வியட்நாம் என்ற பெயரில் இருந்த தேவை சுருங்கியது. சரக்கு கடைசியாக எந்த ஊர்த் தட்டில் விழுகிறது என்று தெரியாமல் விற்பதன் விலை அது. புதிய வாங்குபவர் அளவுக்கு மீறி வாங்கினால், அவர் எங்கே விற்கிறார் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் அந்த ஆர்டரைத் திட்டத்தின் அடித்தளமாக வைக்காதீர்கள்.

என் விதி: எந்த ஒரு நாடும் உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அடுத்த தணிக்கை விண்ணப்பம் உடனே போக வேண்டும். இந்தோனேசியாவைப் பாருங்கள். 2014-இல் சட்டத்தைத் திருத்தி, 2016-இல் ஒழுங்குமுறை கொண்டுவந்து கதவைத் திறந்தது. உடனே அந்நாட்டு அரசியல்சாசன நீதிமன்றத்தில் வழக்கு வந்து, 2017 பிப்ரவரியில்தான் தீர்ப்பானது. 2022 மே மாதம் அங்கேயே கோமாரி பரவியது. ஒரே சந்தையில் பத்தாண்டுக்குள் இத்தனை திருப்பங்கள்.

விலங்கு வரத்தும் இதே திட்டத்தில்தான் வர வேண்டும். 2019 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சுமார் 10.98 கோடி எருமைகள் இருக்கின்றன. அவை பாலுக்காக வளர்க்கப்படுகிறவை. இறைச்சிக்கு வருவது வற்றிய கறவைகளும் கிடாக்கன்றுகளும்தான். பால் குடிக்க விடாமல் இறக்க விடப்படும் கிடாக்கன்று ஒவ்வொன்றும் நம் தொழிலுக்குக் கிடைக்காமல் போன மூலப்பொருள். கன்றை விவசாயியிடமே வளர்க்க விட்டு, எடைக்கேற்ற விலையை முன்பே ஒப்புக்கொள்ளும் ஏற்பாடு செய்கிற ஆலைக்கு மூன்று நன்மைகள் ஒன்றாகக் கிடைக்கும்: விலங்கின் பூர்வீகம் தெரியும், தடுப்பூசிப் பதிவு இருக்கும், இளம் விலங்கானதால் சார்கோசிஸ்டிஸ் தொல்லை குறையும்.

மாநிலச் சட்டங்களை ஆண்டுக்கு ஒருமுறையாவது வழக்கறிஞரிடம் கேட்டுப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். அறுக்கும் வயது, விலங்குகளை லாரியில் ஏற்றும் எண்ணிக்கை, சந்தை விதிகள் ஆகியவை மாநிலத்துக்கு மாநிலம் மாறும், திடீரென்றும் மாறும். 2017-இல் உத்தரப் பிரதேசத்தில் உரிமமற்ற இறைச்சிக்கூடங்கள் மூடப்பட்டபோது, முறையான உரிமம் வைத்திருந்த ஆலைகளும் வரத்துக் குறைவால் தடுமாறின. இரண்டு மாநிலங்களிலிருந்து விலங்கு எடுக்கும் ஏற்பாடு இருந்தால், ஒன்றில் நெருக்கடி வரும்போது கப்பலில் பதிவு செய்த இடத்தையாவது காப்பாற்றிக்கொள்ளலாம்.